கையை விட்டால் போச்சு!

ட்ரோம்ஸோ என்று ஓர் ஊர். நார்வே நாட்டின் உச்சந்தலையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தீவின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. நவம்பர் கடைசியில் சூரியன் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் ஜனவரி பாதிக்குத்தான் திரும்புகிறது. மலைகள் வேறு மறைப்பதால் ஊருக்குள் முகம் காட்ட ஜனவரி 21 வாக்கில் ஆகிவிடும். அன்றைக்கு ஊரே ஜாம் வைத்த பன் சாப்பிட்டுக் கொண்டாடுகிறது. அதற்குப் பெயரே சூரிய பன்! அதே ஜனவரியில் நாம் சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். அவர்கள் பன்னோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு யாராவது காசு கொடுத்துப் போவார்களா? போகிறார்கள் சார், விமானம் விமானமாகப் போகிறார்கள். எல்லாம் வடதுருவ ஒளிக்காகத்தான். 'அரோரா' என்று பள்ளிக்கூட பூகோளப் புத்தகத்தில் படித்தோமே, அதேதான். ராத்திரி வானத்தில் பச்சைத் திரை போட்டு ஆட்டுகிற விவகாரம். அதோடு நாய் இழுக்கும் பனிவண்டியில் ஒரு சவாரியும் சேர்ந்தால் ஒரு முழு ராத்திரிக்கான புரோகிராம் தயார். தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் க்ரோனர். ஒரு க்ரோனர் அப்போது எட்டு ரூபாய்க்கு முன்னே பின்னே. தயவுசெய்து பெருக்கிப் பார்க்காதீர்கள். எங்கள் சீனியர் பெருக்கிப் பார்த்தார். அரைமணி நேரம் பேச்சே இல்லை.

சீனியர் என்றால் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் பிரிவுத் தூண். வயது 57. மார்ச் மாதம் ரிடயர்மென்ட். ஆபீஸ் வேலையாக அவரும் நானும் ஆஸ்லோவுக்கு வந்திருந்தோம். பிப்ரவரி மாதம். வேலை வியாழனோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை ஒரு சி.எல். போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பறந்தால் ட்ரோம்ஸோ.

இதில் ஒரு சிக்கல். சீனியருக்கு நாய் என்றால் ஆகாது. மன்னார்குடியில் எட்டு வயதில் தெருநாய் ஒன்று ஆடுசதையைக் கவ்வியதில், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. பதினாலு நாள், தினம் ஒன்று. அந்த வைத்தியம் எப்போதோ மலையேறிவிட்டது. இன்றைக்குக் கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பதினாலில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. இன்றைக்கும் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினால், நாய் இல்லாத தெருவாகப் பார்த்து ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார்.

"பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற டூர் இல்லையா?" என்று கேட்டார். இருந்தது. ஆனால் சனிக்கிழமை எல்லா பஸ்ஸும் ஃபுல். நாய் வண்டியில் மட்டும் இரண்டு இடம்.

"சார், வேண்டாம்னா விட்டுடலாம்" என்றேன்.

சற்று நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அரோரா போரியாலிஸ். ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணினதுய்யா. ரெண்டு மார்க்கும் வாங்கிட்டேன். அது என்னன்னு பார்க்காமலே ரிடயர் ஆகறதா? புக் பண்ணு!"

புக் பண்ணும்போதே டூர் ஆபீஸ் பெண்ணிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஒளி தெரியாவிட்டால் பணம் வாபஸா? அந்தப் பெண் புன்னகையோடு சொன்னது: "நாய்க்கு நாங்கள் கேரண்டி. வானத்துக்குக் கிடையாது."

பக்கத்துத் தீவான க்வாலோயாவுக்கு வேனில் கூட்டிப் போனார்கள். நம் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, விண்வெளி வீரர் மாதிரி ஓர் அங்கியும் முழங்கால் உயர பூட்ஸும் கொடுத்தார்கள். மைனஸ் 11 டிகிரி. இது ஒன்றும் பெரிய குளிரில்லையாம். கடலில் வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் தயவால் ட்ரோம்ஸோ தப்பித்துக்கொள்கிறது. நூறு கிலோமீட்டர் உள்ளே போனால் மைனஸ் 25 எல்லாம் சர்வ சாதாரணம்.

அப்புறம் அந்தச் சத்தம்.

நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரக் கூடு, வாசலில் நம்பர் பிளேட் மாதிரி பெயர்ப் பலகை. ஆள் வருவது தெரிந்ததும் அத்தனையும் கூட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு ஊளையிட ஆரம்பித்தன பாருங்கள்! 'என்னைக் கூட்டிக்கொண்டு போ, என்னைக் கூட்டிக்கொண்டு போ' என்பதுதான் அதன் அர்த்தமாம். சீனியருக்கு வேறு மாதிரி அர்த்தமானது. என் தோளைப் பிடித்த பிடியில் இடது கை மரத்துவிட்டது.

இவை சினிமாவில் வரும் நீலக்கண் ஹஸ்கிகள் அல்ல. அலாஸ்கன் ஹஸ்கி. பார்த்தால் நம்ம ஊர்த் தெருநாய்க்கு நல்ல சாப்பாடு போட்டு வளர்த்த மாதிரி இருக்கும். எடை இருபது, இருபத்தைந்து கிலோதான். நாய்க் கண்காட்சியில் இதற்குப் பரிசு கிடைக்காது. தனி ஜாதி என்ற அந்தஸ்தும் கிடையாது. ஓட்டம், பசி, கால் பலம் இவற்றை மட்டும் பார்த்து, பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய நாய். நீண்ட பந்தயங்களில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வரை உள்ளே தள்ளும். நாம் நாலைந்து நாள் சாப்பிடுவதை அது ஒரே நாளில் முடித்துவிடும், பில் வந்தால் பார்க்காமலே!

வழிகாட்டி முப்பது வயதுப் பெண். நெற்றியில் விளக்கு, கன்னத்தில் பனிக் காயம். எங்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்து வகுப்பு எடுத்தார். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் உட்கார வேண்டும், இன்னொருவர் பின்னால் சறுக்குக் கட்டையில் நின்று ஓட்ட வேண்டும். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளலாம். காலுக்கு நடுவே இரும்புப் பல் வைத்த பிரேக். அதை மிதித்தால் பனியைக் கவ்வும். இறக்கத்தில் மிதித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி போய் நாயின் காலில் இடிக்கும். ஏற்றத்தில் நாமும் ஒரு காலால் உந்தவேண்டும். உந்தாவிட்டால் நாய்கள் திரும்பிப் பார்க்கும். (நிஜமாகவே பார்க்கின்றன. மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாரே, அதே பார்வை.) நிறுத்தினால் பனியில் ஒரு நங்கூரத்தைக் குத்த வேண்டும். கடைசியாக ஒரு விரலை நீட்டிச் சொன்னார்:

"எது நடந்தாலும் கைப்பிடியை விடாதீர்கள். விழுந்தாலும் விடாதீர்கள். நீங்கள் விட்டால் வண்டி லேசாகும். லேசானால் நாய்களுக்குச் சந்தோஷம். உங்களுக்காக அவை காத்திருக்காது."

முதல் பாதி நான் ஓட்டுவதாக ஏற்பாடு. சீனியர் வண்டியில் கலைமான் தோலின் மேல் சாய்ந்து, போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணுக்கு நேரே பத்தடி தூரத்தில் இரண்டு நாய்களின் வால். மொத்தம் ஆறு நாய்.

நாய் வண்டியிலும் ஆபீஸ் மாதிரி பதவி வரிசை உண்டு. முன்னால் இரண்டு தலைமை நாய்கள். பலசாலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. வழி தெரிய வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும், சொன்னது முட்டாள்தனமாக இருந்தால் கேட்கவும் கூடாது. மெல்லிய பனிக்கட்டியின் மேல் 'போ' என்றால் போகாத நாய்தான் நல்ல தலைமை நாய். நடுவில் இரண்டு, உழைப்பாளிகள். கடைசியில் வண்டியை ஒட்டி இரண்டு தடியன்கள். வளைவில் வண்டியின் முழு எடையும் அவர்கள் முதுகில்தான். புகழெல்லாம் முன் வரிசைக்கு, முதுகுவலி பின் வரிசைக்கு. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை?

புறப்படும் வரை ஆறும் குதிக்கின்றன, குரைக்கின்றன, கயிற்றைக் கடிக்கின்றன. நங்கூரத்தைப் பிடுங்கியதுதான் தாமதம், சத்தம் சுவிட்சை அணைத்தாற்போல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் சறுக்குக் கட்டை பனியைத் தேய்க்கிற 'ஸ்ஸ்ஸ்' மட்டும். இருபத்து நாலு கால்கள் ஓடுகின்றன, ஓசையே இல்லை. சுற்றிலும் வெள்ளை மலை, கீழே கறுப்பாக ஃபியோர்டு, தூரத்தில் ட்ரோம்ஸோ விளக்குகள். நாய்களை யாரோ அடித்து ஓட வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அந்த நிமிஷத்தைப் பார்க்க வேண்டும். சவுக்கும் கிடையாது, அதட்டலும் கிடையாது. நிறுத்துவதுதான் பிரம்மப் பிரயத்தனம். கூட்டில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பதைப் பற்றி இங்கேயே ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு, அதில் எனக்கும் கொஞ்சம் உறுத்தல்தான். ஓட்டத்தைப் பற்றி உறுத்தல் இல்லை.

டூர் விளம்பரத்தில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நாய்கள் 'அந்த' வேலைக்காக வண்டியை நிறுத்துவதில்லை. ஓடிக்கொண்டே முடித்துக்கொள்ளும். காற்று எதிர்ப்பக்கம். உட்கார்ந்திருப்பவர் மூக்கு அதே உயரத்தில். "என்னய்யா, கூவம் இங்கேயும் வருதா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

நாய் வண்டிக்கும் இந்த மண்ணுக்கும் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1925 ஜனவரியில் அலாஸ்காவில் நோம் என்ற சின்ன ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் பரவியது. மருந்து இல்லை. கடல் உறைந்துவிட்டது, விமானம் பறக்காது. ரயில் நெனானா வரைதான். அங்கிருந்து 1,085 கிலோமீட்டர். தபால் வண்டிக்கே சுமார் 25 நாள் பிடிக்கும் பாதை. 20 வண்டிக்காரர்கள், சுமார் 150 நாய்கள், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றி, மைனஸ் 40-க்கும் கீழே போன குளிரில் ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். அதில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓட்டியவர் லியோனார்ட் செப்பாலா. ட்ரோம்ஸோவுக்குக் கிழக்கே உள்ள ஃபியோர்டுப் பகுதியில் 1877-ல் பிறந்து அலாஸ்காவுக்குப் பிழைக்கப் போனவர். அவருடைய தலைமை நாய் டோகோவுக்கு அப்போது வயது 12! ஆனால் கடைசிக் கட்டத்தை ஓட்டி ஊருக்குள் நுழைந்த வண்டியில் இருந்த பால்டோ என்ற நாய்க்குத்தான் அதே வருஷம் நியூயார்க் பூங்காவில் சிலை வைத்தார்கள். ஃபைலைத் தயார் பண்ணுகிறவன் ஒருவன், கையெழுத்துக்குக் கொண்டுபோய் நீட்டிப் பெயர் வாங்குகிறவன் இன்னொருவன். நாய் உலகமும் விலக்கல்ல.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடிவதில்லை. தென்துருவத்தை 1911 டிசம்பர் 14-ல் முதலில் தொட்ட நார்வேக்காரர் அமுண்ட்சென், துருவத்துக்குக் கிளம்பும்போது கூட்டிப் போனது 52 நாய்கள். முகாமுக்குத் திரும்பியவை 11. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை வழியில் கொன்று, மனிதர்களும் மிச்சமிருந்த நாய்களும் சாப்பிட்டார்கள். அதுவும் முன்கூட்டியே போட்ட கணக்குப்படி. ஜெயித்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். அதே அமுண்ட்சென் 1928 ஜூன் 18-ல், காணாமற்போன இத்தாலியர்களைத் தேடி இதே ட்ரோம்ஸோவிலிருந்து விமானத்தில் கிளம்பினார். திரும்பவே இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சிலையாக நிற்கிறார்.

பாதி வழி வந்தது. ஒளி வரவில்லை. மேலே ஒரே மேகம். வண்டியை நிறுத்தி நங்கூரம் குத்தினார்கள். இனி சீனியர் ஓட்ட வேண்டும்.

"நோ நோ, ஐ ஆம் கம்ஃபர்ட்டபிள்" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

வழிகாட்டிப் பெண் வற்புறுத்தவில்லை. எங்கள் வண்டியின் தலைமை நாய் ஒன்றின் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் பாதத்தில் ஒட்டியிருந்த பனி உருண்டைகளை விரலால் எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். சாம்பல் நிறப் பெட்டை. மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது.

"இதற்கு எத்தனை வயது?" என்று நான் கேட்டேன்.

"பத்து. இந்த சீசனோடு ஓய்வு. அப்புறம் யாராவது ஒரு குடும்பத்தோடு வீட்டுக்குள் இருக்கும்."

போர்வை அசைந்தது. "எப்போ ரிடயர்மென்ட்?"

"ஏப்ரல்."

"நான் மார்ச்" என்றார் சீனியர்.

எழுந்தார். அங்கிக்குள் உருண்டு புரண்டு இறங்கி, அந்த நாயிடமிருந்து நாலடி தள்ளி நின்றார். அது அவரைப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை, குரைக்கவில்லை. 'சீக்கிரம் முடிவு பண்ணுங்க, குளிருது' என்கிற பார்வை. தொடுவார் என்று எதிர்பார்த்தேன். தொடவில்லை. நேரே வண்டிக்குப் பின்னால் போய்ச் சறுக்குக் கட்டையில் ஏறிக் கைப்பிடியைப் பற்றினார். லோக்கல் ரயிலில் முப்பது வருஷம் தொங்கிய கை அது. பிடி உடும்புப் பிடி.

நான் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வடக்கே மலைக்கு மேல் மேகம் கிழிந்த இடத்தில் வெளிறிய பட்டை ஒன்று. முதலில் அதுவும் மேகம் என்றே தோன்றியது. பட்டை நீண்டது, பச்சை ஏறியது, ஒரு முனை சுருண்டது.

"சார்! மேலே பாருங்க சார்!"

"கையை விடக் கூடாதுய்யா!"

"கையை விட வேண்டாம் சார், தலையைத் தூக்குங்க!"

"இறக்கம் வருது! நாய் காலில் இடிச்சுடும்!" பிரேக்கை மிதிக்கிற சத்தம் கர்ர்ரென்று கேட்டது. வானம் இரண்டாகப் பிளந்து பச்சையாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது, மனுஷன் தலை நிமிராமல் ஆறு நாய்களின் பின்னங்கால்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்! சமவெளிக்கு வந்து, வழிகாட்டி கையை உயர்த்தி, நங்கூரம் குத்திய பிறகுதான் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பொய் சொல்லக் கூடாது. போட்டோவில் பார்க்கிற அளவு கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. மெல்லிய ஒளியாக இருந்தால் சாம்பல் புகை மாதிரிதான் இருக்கும். கேமராதான் ஒளியைச் சேர்த்துவைத்துப் பச்சையைப் பிழிகிறது. ஆனால் போட்டோவில் இல்லாதது ஒன்று நேரில் உண்டு. அசைவு. மொட்டைமாடியில் காயப்போட்ட பட்டுப்புடவையைக் காற்று தூக்குகிற மாதிரி, அதுவும் அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நீளமான புடவை. கீழ் ஓரத்தில் ரோஜா நிற ஜரிகை ஓடி மறைந்தது. என் செல்போன் குளிரில் உயிரை விட்டிருந்தது. நல்லதாகப் போயிற்று.

விஷயம் என்னவென்றால், சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஓயாமல் காற்று மாதிரி வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் நமக்குக் குடை. அந்தக் காற்று குடையின் பின்பக்கத்தை, அதாவது ராத்திரிப் பக்கத்தை, ரப்பர் மாதிரி இழுக்கிறது. இழுபட்ட ரப்பர் சுண்டும்போது எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவத்தை நோக்கிப் பாய்கின்றன. 100 கிலோமீட்டருக்கு மேலே காற்றிலுள்ள ஆக்ஸிஜன், நைட்ரஜன் மேல் மோதுகின்றன. மோதப்பட்ட ஆக்ஸிஜன் வாங்கிய சக்தியை ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. பச்சைக்கு முக்கால் விநாடி போதும். சிவப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம்! அரசாங்க ஃபைல் வேகம். அதற்குள் வேறு அணு வந்து இடித்துவிட்டால் சிவப்பு அவ்வளவுதான். அதனால்தான் கூட்டமில்லாத 200 கிலோமீட்டருக்கு மேலேதான் சிவப்பு தெரியும், கீழே பச்சை.

நம்ம ஊரில் ஏன் இல்லை? காந்த ஊசியைச் சுதந்திரமாகத் தொங்கவிட்டால், திருநெல்வேலிப் பக்கம் கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ளும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் போகிறது. அதை ஆராயவே திருநெல்வேலியில் புவிக்காந்த ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. ட்ரோம்ஸோவில் அதே ஊசி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். துகள்கள் அந்தக் கோடுகளின் வழியேதான் இறங்கும். ஆனாலும் சூரியனுக்குப் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை ஆவேசம் வரும். அப்படிப்பட்ட உச்சத்தில், 2024 மே 10 ராத்திரி, லடாக்கின் ஹான்லேயிலேயே வானம் சிவந்து கேமராவில் பதிவாயிற்று.

கால் மணி நேரத்தில் திரை மங்கியது. நாய்கள் ஒன்றுகூட மேலே பார்க்கவில்லை. ஒன்று தூங்கியேவிட்டது.

திரும்பி வந்ததும் கூம்பு வடிவக் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி உட்காரவைத்தார்கள். இந்தப் பகுதியின் ஆதிகுடிகளின் கூடாரம் அது. அவர்கள் பெயரே 'சாமி'. (நம்ம ஊர் சாமி இல்லை.) கலைமான் மேய்ப்பவர்கள். கலைமான் கறியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு வந்தது. சீனியருக்குக் காய்கறி சூப். துருவ ஒளிக்குச் சாமி மொழியில் உள்ள பெயருக்கு 'காதால் கேட்கிற ஒளி' என்று பொருள் சொல்கிறார்கள். அதைப் பார்த்து விசிலடிக்கக் கூடாதாம், கோபித்துக்கொண்டு இறங்கி வந்துவிடுமாம். முதல் நாள், முதல் ஷோ ரசிகர்கள் கவனிக்க.

இந்த ஒளியின் ரகசியத்தை முதலில் சரியாக ஊகித்தவர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் என்ற நார்வே விஞ்ஞானி. ஒரு காந்த உருண்டையைக் காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, உருண்டையின் இரு துருவத்திலும் குட்டி ஒளி வளையம் வரவைத்துக் காட்டினார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமே என்று மின்சாரப் பீரங்கி ஒன்று செய்தார். 1903-ல் பிரமுகர்கள் முன்னிலையில் அதை இயக்க, குண்டு போகாமல் 'டமார்' என்று ஷார்ட் சர்க்யூட். அந்தத் தீப்பொறியை வைத்தே காற்றிலிருந்து உரம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்! அவர் படம் போட்ட 200 க்ரோனர் நோட்டு ரொம்ப நாள் புழக்கத்தில் இருந்தது. 2017-ல் புது நோட்டு அடித்தபோது விஞ்ஞானியை எடுத்துவிட்டுக் காட் மீனைப் போட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் சீனியர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பது சந்தேகம். சூப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். எட்டிப் பார்த்தேன். அந்த நரைமூக்கு நாய் கூட்டின் மேல் படுத்திருந்தது. இவர் கையுறையைக் கழற்றி, ஒரே ஒரு விரலால், சூடு பார்க்கிற மாதிரி அதன் நெற்றியைத் தொட்டார். எடுத்தார். மறுபடி தொட்டார். அது கண்ணை மூடிக்கொண்டது.

வேன் கிளம்பும்போது வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டார்: "ஏப்ரல்ல இதை யார் வேணுமானாலும் கேட்கலாமா?"

"கேட்கலாம். உங்கள் ஊரில் ஏப்ரல், மே மாதம் எத்தனை டிகிரி?"

"நாற்பது. சில நாள் நாற்பத்திரண்டு."

"மைனஸா?" என்றார் அந்தப் பெண்.